தலை முட்டாத அளவு

இதனால் பொதுமக்கள் அனைவருக்கும் சகல மரியாதைகளுடனும் அறியத்தருவது யாதெனில்: கார்த்திகை மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடமளவில், பெரியகல்லாறு வாவிக்கரையில் அமைந்துள்ள, தொழில்நுட்ப உத்தியோகத்தர் திருவாளர் சிவதர்ஷன் அவர்களின் மாடிவீட்டில், குளியலறைக் கதவு பூட்ட மறுத்துவிட்டது.

முதல்நாள் வரை பூட்டிய கதவு. சிவதர்ஷன் சீவுளி எடுத்து மேல் விளிம்பைச் சீவினான். வியாழக்கிழமை அது கீழ் விளிம்பில் முட்டியது.

பதினொரு வருடமாக மற்றவர்களின் சுவர்களைத் தட்டிப் பார்ப்பதுதான் அவன் உத்தியோகம். கையொப்பத்துக்காகக் காத்து நிற்கிறவர்களிடம், "அத்திவாரம்தான் ஒரு வீட்டின் மனச்சாட்சி" என்று சொல்லிவிட்டு, அந்த வாசகம் ஆறும்வரை தேத்தண்ணியைத் தொடமாட்டான். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். கையொப்பம் தேவைப்படுகிறவன் எதற்கும் தலையாட்டுவான்.

தன் வீட்டின் மனச்சாட்சியை மட்டும் அவன் பார்த்ததில்லை. அது சீதனவீடு. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணோடு வரும், மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வருவான். இரண்டு வருடத்துக்கு முன் படுவான்கரையிலுள்ள பழுகாமத்திலிருந்து பெண் பார்க்க வந்தபோது மாபிள் தரையைப் பார்த்தான், வாவியைப் பார்த்து நிற்கும் மேல்மாடியைப் பார்த்தான், விதுர்ஷாவைப் பார்த்தான். அந்த வரிசையில்தான். மாமனாராகப் போகிறவரின் வளவில் கம்பி இறக்கி மண் பார்ப்பது மாப்பிள்ளைக்கு அழகில்லை என்று பட்டது. அளந்ததெல்லாம் மாமனார் நல்லரத்தினம்தான். வெள்ளை நூலொன்றைக் குதிக்காலால் மிதிக்கச் சொல்லி, உச்சந்தலை வரை இழுத்து, முடிச்சுப் போட்டார்.

"கதவு நிலைக்குத்தான் மருமகன். வாழ வாற ஆம்புளைக்குத் தலை முட்டக்கூடாது."

ஒரு வீடே தன் உயரத்துக்குத் திருத்தப்படுகிறது என்று அவனுக்குப் புளகாங்கிதம். பழுகாமம் திரும்பும் வழியில் மூன்று பேருக்குச் சொன்னான்.

வீடு முதலில் விதுர்ஷாவின் அக்கா இராசாத்திக்குக் கட்டியது. அவள் புருஷன் ரதீஸ் ஏழு வருடத்துக்கு முன் கட்டாருக்குப் போனவன், போனவன்தான். அதன்பிறகு அவள் அதே வளவில் பின்பக்கத்துச் சின்ன வீட்டுக்குப் போய்விட்டாள். அவர்களுடைய கல்யாணப்படம் இன்னும் மண்டபத்தில் தொங்குகிறது. ரதீஸ் அதில் தலையை வலது தோள் பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறான், யாரோ கீழேயிருந்து கூப்பிட்டதைக் காது கொடுத்துக் கேட்கிறவன் மாதிரி.

மழை வலுத்தது. தென்மேற்கு மூலையில், சமையலறைச் சுவரில், படிக்கட்டு மாதிரி ஒரு வெடிப்பு ஏறியது. தரையில் விட்ட தேசிக்காய் யாரும் தள்ளாமலே அந்த மூலைக்கு உருண்டு போய் நின்றது. சிவதர்ஷன் முறைப்படி வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றை ஒட்டித் திகதி எழுதினான். வெடிப்பு அகன்றால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். அன்று லீவு போட்டுவிட்டு, மத்தியானம் முழுவதும் அதன் எதிரே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீர் ஒரு வாளியில் சொட்டுவதும், வாவிப் பக்கம் கொக்கொன்று அலறி ஓய்வதும், அதற்கெல்லாம் அடியில், மாபிளுக்கும் கீழே, சேறும் கண்டல் வேரும் அழுகிய மணத்தோடு நெடுநாள் மாற்றாத சட்டையின் வியர்வை மணமும் கலந்து ஏறுவதும், அந்த மணம் ஏறும்போதெல்லாம் தரை மிக மெல்லிதாக, தூங்குகிறவனின் நெஞ்சுக்கூடு மாதிரி உயர்ந்து தாழ்வதும் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. தரை உயராது என்பது அவனுக்குத் தெரியும். அதற்குச் சான்றிதழே வைத்திருக்கிறான்.

பன்னிரண்டரைக்கு யன்னலுக்கு வெளியே இராசாத்தி வந்தாள். கையில் சோற்றுப் பீங்கான். சுவரடியில் குந்தி அதை மண்ணில் வைத்தாள்.

"காகத்துக்கா மச்சாள்?"

அவள் நிமிரவில்லை. "ஓம் தம்பி. காகத்துக்குத்தான்."

மதிலில் வைக்காமல் மண்ணில் வைக்கிறாளே என்று நினைத்தான். மழைக்குள் ஒரு காகமும் இல்லை. அவள் போன பிறகு தரைக்குக் கீழே மெதுவான, ஈரமான சத்தம் ஒன்று கேட்டது. வாவித் தண்ணீர் மண்ணை அரிக்கிறது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினான். பேனையை மூடும்போது கண்ணாடித் துண்டு இரண்டாக உடைந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தான். பீங்கான் வழித்துத் துடைத்த மாதிரிக் கிடந்தது.

வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க அன்று பின்னேரம் பெயின்ரைச் சுரண்டினான். பெயின்ருக்குக் கீழே, வெடிப்பை மறைக்கப் பூசிய பட்டி. பட்டிக்குக் கீழே இன்னொரு பழைய வெடிப்பு. அதன் ஓரமாகப் பென்சில் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி. எழுத்து உருண்டையாக, மேல்கோட்டில் தொங்குகிற மாதிரி இருந்தது. சந்தைக்குக் கொண்டுபோகும் துண்டில், விதுர்ஷா திருத்துகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பியில், அவன் சாப்பாட்டுப் பெட்டியில் ஒட்டும் கடதாசியில் தினமும் பார்க்கிற எழுத்து. கடைசித் திகதி அவன் பெண் பார்க்க வந்ததற்குப் பத்து நாள் முந்தியது.

விதுர்ஷா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் சுவரைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த சுரண்டியைப் பார்த்தாள். "ஓம்."

"ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

மேல்மாடி ஞாபகம் வந்தது. அவள் களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, இன்னொரு சுண்டு அரிசி அள்ளிப் போட்டாள். வீட்டில் சாப்பிடுகிறவர்கள் இரண்டே பேர்.

அடுத்தநாள் மழை விட்ட இடைவெளியில் ஓட்டமாவடியிலிருந்து மேசன் முனாப்பைக் கூப்பிட்டான். அத்திவாரத்துக்குக் கீழே துண்டு துண்டாகத் தோண்டி கொங்கிறீற் போட்டு முட்டுக் கொடுப்பதுதான் பரிகாரம். நான்கு நிறத்தில் வரைபடம் கீறி, தடி வைத்து முனாப்புக்கு விளங்கப்படுத்தினான். முனாப் வரைபடத்தைப் பணிவோடு வாங்கி, மண்வெட்டிக் காம்பு வழுக்காமல் சுற்றிக்கொண்டு, சமையலறைச் சுவருக்கு வெளியே குழியில் இறங்கினார்.

ஆறடி போனதும் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"சேர், இஞ்ச கல்லும் இல்ல, கொங்கிறீற்றும் இல்ல. பீம் அந்தரத்தில நிக்குது."

"அந்தரத்தில எப்பிடி நிக்கும்? பாரம் எங்கயோ இறங்கத்தானே வேணும்."

குழிக்குள் முனாப் குனிவது தெரிந்தது. பிறகு மிக அமைதியாக ஏணியில் ஏறினார். காலைக் கழுவவில்லை, மண்வெட்டியை எடுக்கவில்லை. மோட்டர்சைக்கிளை உதைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"சேர், உடுத்த உடுப்போட இப்பவே பழுகாமத்துக்குப் போங்க. பெட்டிய எடுக்க உள்ள போகாதீங்க."

சிவதர்ஷன் உத்தியோக தோரணையில் சிரித்தான். பயந்த மேசன்களைப் பற்றி அவனிடம் நிறையக் கதை உண்டு. டோர்ச்சையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

குழி காய்ந்து கிடந்தது. வாவி இருபதடியில். மூன்று வாரமாக மழை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பீமுக்குக் கீழே மண் கழன்று, வீட்டின் அடிவயிறு முழுவதும் குகையாகியிருந்தது. முதல் தூணின் கீழ் நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு ஒரு குடைவு, கையால் மெழுகிய மாதிரி வழவழவென்று. உள்ளே போனான். பழக்கதோஷத்தில் அளந்தான். ஐந்தடி ஏழேகால் அங்குலம், அவனுடைய உயரமே, அதற்கு மேல் நான்கு விரல் இடைவெளி, பிறகு பீம்.

பீமிலிருந்து வெள்ளை நூலொன்று தொங்கியது. முடிச்சு அவன் உச்சந்தலையைத் தொட்டது.

டோர்ச் தானாகவே மூலைப் பக்கம் திரும்பியது.

இரண்டு பாதங்கள். சேறு பூசிய முழங்கால்கள். தொங்கும் கைகள். தோள்மீது பீம். தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது, மண்டபத்துக் கல்யாணப்படத்தில் போலவே, கூப்பிட்டதைக் கேட்கிற மாதிரி.

வாயோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை. வெள்ளையாக. இன்றையது.

நெஞ்சு உயர்ந்தது. தாழ்ந்தது. தலைக்கு மேலே வீடும் கூடவே.

பின்னால் ஏணி உரசும் சத்தம். திரும்பினான். ஏணி இல்லை. குழி வாயில் மூன்று பேர். இரு பக்கமும் விதுர்ஷாவும் இராசாத்தியும், நடுவில் நல்லரத்தினம், சால்வையை ஒழுங்காக மடித்துப் போட்டுக்கொண்டு.

"மருமகன்," மரியாதை ஒரு துளியும் குறையாத குரல். "தலை முட்டுதா?"

கேட்ட கேள்விக்குச் சரியான அளவைச் சொல்வது அவன் தொழில். "இல்ல மாமா. நாலு விரல் கிடக்கு."

"கொஞ்சம் பொறுங்க."

பீம் இறங்கியது. அவசரமில்லாமல். மூன்று விரல். காலைத் தூக்கப் பார்த்தான். மண் கணுக்காலைப் பிடித்திருந்தது. இரண்டு. மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

விதுர்ஷா குனிந்தாள். முகத்தில் கோபமில்லை, அழுகையில்லை. சாப்பாட்டுப் பெட்டி கட்டும் முகம். கையிலிருந்த பீங்கானைக் குழி விளிம்பில் வைத்தாள். ஆவி பறந்தது. மீன் குழம்பு.

"இஞ்சேருங்க, உறைப்புக் குறைச்சிரிக்கன்."

ஒரு விரல்.

முட்டியது.

கழுத்தால் தாங்க முடியவில்லை. தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தான். பாரம் தோளுக்கு இறங்கியது. மூலையில் இருந்தவன் கண்ணைத் திறந்து, இடம் விடுகிறவன் மாதிரி, அரை அங்குலம் நகர்ந்துகொண்டான்.

மேலே குளியலறைக் கதவு ஒரே தள்ளலில் பூட்டியது.