மூடாத லோடு

செல்லச்சாமி அண்ணாச்சிக்குப் பக்தி அதிகம். அமாவாசை தவறாமல் தன் டிப்பருக்குப் பூசணிக்காய் உடைப்பார். மணல் லோடை மட்டும் மூடமாட்டார். புளியரை செக்போஸ்ட் கண்ணில் பட்டால்தான் தார்ப்பாய் ஏறும். லோடை மூடி ஓட்டவேண்டும் என்ற சட்டமே அந்த செக்போஸ்டுக்காகப் போட்டது என்பது அவர் கணக்கு.

போன மாதம் இலஞ்சி விலக்கில், அந்த லாரியிலிருந்து பறந்த எம்-சாண்ட் பின்னால் ஸ்கூட்டியில் வந்த வேல்விழியின் கண்ணில் அடித்தது. தடுமாறியவள் எதிரே வந்த பஸ்ஸுக்கடியில் போய்விட்டாள். "நம்ம டயரா ஏறுச்சு?" என்று துஷ்டி வீட்டு வாசலிலேயே கேட்டார் அண்ணாச்சி. ஊரே காறித் துப்பியது, அவர் காரில் ஏறிப் போனபிறகு.

பழைய டிரைவர் நின்றுவிட, சாம் வேலைக்குச் சேர்ந்தான். முதல் லோடு. அந்தி நேரம். சாரல் காற்று எதிரே முட்டியது. இலஞ்சி விலக்கைத் தாண்டியதும் கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டி. ஓட்டி வந்தவள் ஒரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள்.

வழிவிட்டான். அவள் முந்தவில்லை.

வேகம் கூட்டினான். அவளும் அதே தூரத்தில்.

ஓரங்கட்டி இறங்கினான். ரோடு காலி. ரப்பர் கருகிய வாடை மட்டும்.

போன் அடித்தது. அவன் மனைவி பெர்சிஸ்.

"டூட்டி முடிஞ்சிட்டு. ஸ்கூட்டில பின்னாலதான் வாரேன். நீங்க எங்கன நிக்கிய?"

"கெளம்பாத," என்பதற்குள் லைன் போய்விட்டது.

அண்ணாச்சியை அழைத்தான். "லோட மூடிட்டுத்தான் வண்டிய எடுப்பேன்."

"செக்போஸ்ட் வரட்டும்லே. ஒருத்தி செத்தான்னு தெனமும் லாரிய நிறுத்தி அழணுமா?"

"என் பொண்டாட்டி பின்னால வாரா அண்ணாச்சி. அவசரம்னா நீங்களே வந்து ஓட்டிக்கிடுங்க."

போனை சீட்டில் எறிந்துவிட்டு, மேலே ஏறித் தார்ப்பாயை விரித்தான். காற்று பிடுங்கியது. ஒருவர் கயிற்றை எறிய, மறுபக்கம் நிற்பவர் இழுத்துக் கட்டவேண்டும். இரண்டு ஆள் வேலை. இறங்கி நின்று, தானே சுற்றி ஓடிக் கட்டிக்கொள்ளலாம் என்று கயிற்றை எறிந்தான்.

கயிறு மறுபக்கம் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

யாரோ அதை இழுத்தார்கள். வெடுக்கென்று, கோபமாக.

அடுத்த கயிற்றை எறிந்தான். அதுவும் இறுகியது.

பின்னால் ஸ்கூட்டி வந்து நின்றது. பெர்சிஸ்தான். கண்ணில் ஒரு தூசிகூட விழவில்லை. லாரியின் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"யாருங்க அந்தப் பொண்ணு? கண்ண மூடிக்கிட்டே முடிச்சுப் போடுதா."