நார்மல் என்று எழுதியவள்

“இந்த ரிப்போர்ட்ட எழுதின ஆளு மட்டும் என் கையில மாட்டட்டும்...”

சொன்னவன் நின்றுகொண்டிருந்தான். நின்றபடியே முஹ்சினாவின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, ஒரு எம்.ஆர்.ஐ. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காலை எட்டு மணி விழுப்புரம் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு. திண்டிவனத்தில் முண்டியடித்து ஏறி அவள் பிடித்த ஜன்னல் அது. மழையை ரசிக்கலாம் என்று பார்த்தால் யாரோ ஒருவருடைய முழங்கால் தொங்குகிறது! அவனுடைய நனைந்த சட்டைக் கையிலிருந்து அவள் துப்பட்டாவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேறு...

“சார், கைய எடுக்கறீங்களா?”

“ஒரு நிமிஷங்க. இந்த அநியாயத்த நீங்களும் பாருங்க. மூணு வாரமா கால ஊன முடியல அந்தம்மாவுக்கு. நார்மல்னு எழுதி அனுப்பியிருக்காங்க! போன் பண்ணா எடுக்கறதில்ல. அதான் ஸ்கேன் சென்டருக்கு நேர்லயே போயிக்கினு இருக்கேன். யாரு இந்த... டாக்டர் முஹ்சினா? தூங்கிக்கினே எழுதியிருப்பாங்க போல.”

முஹ்சினாவுக்குக் காது மடல் சுட்டது. வெடுக்கென்று நிமிர்ந்தாள். இமையெல்லாம் மழைத்துளியோடு இரண்டு பெரிய கண்கள்... கோபமான கண்கள், ஆனால் கள்ளமில்லாத கண்கள். சே! திட்டுகிறவனுக்கு எதற்கு இவ்வளவு அழகான கண்கள்?

“தூங்கல. முழிச்சிக்கினுதான் எழுதினேன்.”

படம் நழுவி அவள் மடியில் விழுந்தது.

“நீங்க...?”

“அந்த முஹ்சினா நான்தான். இத அனுப்பின எலும்பு டாக்டர் இர்பான் நீங்கதான?” வசமாகச் சிக்கியவனை அவள் விடுவதாக இல்லை. “சீட்டுல என்ன எழுதி அனுப்பினீங்க? முழங்கால் வலி. ரெண்டே வார்த்தை! விழுந்தாங்களா, எத்தன நாளா, என்ன வேல செய்றவங்க... ஒண்ணும் கெடையாது. நான் என்ன ஜோசியக்காரியா? முழங்கால எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். முழங்கால் நல்லாதான் இருக்கு!”

“அப்ப அந்தம்மா பொய் சொல்றாங்களா?”

“இடுப்ப பாத்தீங்களா?”

“முழங்கால் வலிக்கு இடுப்ப எதுக்கு...” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். முகம் சுருங்கியது.

மொத்தப் பேருந்தும் இவர்களையே வேடிக்கை பார்த்தது. “விக்கிரவாண்டி எறங்கு!” என்றார் கண்டக்டர்.

“வாங்க, எறங்குங்க” என்று முஹ்சினா எழுந்தாள். “திண்டிவனத்துக்கே திரும்பிப் போய் இப்பவே அவங்கள பாக்கலாம். தப்பு என்னுதுன்னா அங்கயே ஒத்துக்கறேன்.”

வரத் தாமதமாகும் என்று ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்தாள். மேனேஜர் கத்த ஆரம்பித்ததும் வைத்துவிட்டாள். அவள் குடையை வெடுக்கென்று வாங்கி, அவளுக்கு மட்டும் பிடித்தபடி, தான் தொப்பலாக நனைந்துகொண்டே அவன் நெடுஞ்சாலையைக் கடந்தான். கோபத்தில் விறைத்துக்கொண்டே குடை பிடிக்கிற மனிதனை அவள் அன்றுதான் பார்த்தாள்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கிளியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் கூலி வேலை அவளுக்கு.

“எங்கம்மா வலிக்குது?”

“முட்டியிலதாம்மா. கீழ உழவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போயிக்கினேதான் இருந்தேன், ஒருநாளு கால வைக்க முடியல. படத்துல ஒண்ணும் இல்லன்னிட்டாங்களாம். நான் என்னா பாசாங்கா பண்றேன்?”

அந்தக் கேள்வி முஹ்சினாவுக்குச் சுருக்கென்று தைத்தது. காலை மெதுவாகப் பிடித்து, இடுப்பிலிருந்து லேசாகத் திருப்பினாள். கிளியம்மாள் வீறிட்டாள். அவள் கை முட்டிக்குப் போகவில்லை, தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டது.

மதியம் இடுப்பை ஸ்கேன் செய்தார்கள். தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழையாக ஒரு விரிசல். நார்மல் என்று நம்பி நாலு நாள் நடந்திருந்தால் எலும்பு இரண்டாகப் போயிருக்கும். இடுப்பில் பிறக்கிற வலி முட்டியில் தெரியும் என்று இரண்டு டாக்டர்களும் கல்லூரியில் படித்தவர்கள்தான்.

“ஓ.பி.யில அன்னிக்கு நூத்தி முப்பது பேருங்க. முட்டின்னாங்க, எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க” என்றான் இர்பான்.

“நான் மட்டும் என்ன ஒழுங்கு? அறுபது படம் பாக்கணும்னு, பத்தடி தள்ளி அடுத்த ரூம்ல இருந்தவங்கள எழுந்து போய் ஒரு வார்த்த கேக்கல.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கும் கோபம் வந்தது.

மறுநாள் இர்பான் திருகாணி வைத்து எலும்பைச் சரிசெய்தான். அதன்பிறகு அவன் அனுப்புகிற ஒவ்வொரு சீட்டும் ஒரு பக்கக் கடிதமாக வந்தது. சந்தேகம் என்று போன் வரும்... பிறகு சந்தேகமே இல்லாமல் போன் வரும். பேருந்து நிலைய டீக்கடையில் நாலு முறை டீ குடித்துவிட்டார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவன் அந்த வார்த்தையைச் சொல்லும்வரை.

“கோயம்புத்தூர்ல எலும்பு மூட்டு ரேடியாலஜி ஃபெல்லோஷிப் கெடச்சிருக்கு. ஒரு வருஷப் பயிற்சி. ஜனவரி ரெண்டாந்தேதி சேரணும்” என்று அவள் சொன்னதும் சிரித்துவிட்டான்.

“எலும்பு படம் பாக்க ஒரு வருஷமா? அத நாங்க டெய்லி பாக்கறோமே!”

டீ கிளாஸை டொக்கென்று வைத்தாள்.

“தெனம் பாத்துதான் கிளியம்மாவுக்கு முட்டிய எடுக்கச் சொன்னீங்களா? அங்க நோயாளிய தொட்டுப் பாக்கணும். தோள அசைக்கச் சொல்லி, அசையும்போதே உள்ள தசைநாண் எங்க இடிக்குதுன்னு அல்ட்ராசவுண்டுல பாக்கணும். ஊசிய படத்த பாத்துக்கினே மூட்டுக்குள்ள எறக்கணும். எலும்புல கட்டின்னா எந்தப் பக்கமா ஊசி போட்டு சதை எடுக்கணும்னு ஆபரேஷன் பண்றவரோட உக்காந்து முடிவு பண்ணணும். தெனம் காலையில உங்கள மாதிரி எலும்பு டாக்டருங்க முன்னால நின்னு, ஏன் இப்படி எழுதினேன்னு பதில் சொல்லணும். தப்புன்னா அங்கயே திட்டு வாங்கணும். அந்தத் திட்டு எனக்கு வேணும். இன்னொரு கிளியம்மாவ பாசாங்குக்காரின்னு நான் எழுதக் கூடாது!”

விறுவிறுவென்று நடந்துவிட்டாள். எட்டு நாள் அவன் போன் செய்தும் அவள் எடுக்கவில்லை. எடுக்காத ஒவ்வொரு முறையும் நெஞ்சு வலித்தது. இந்த வலி எங்கே பிறக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வீட்டிலோ அத்தா மொய்தீன் பிச்சை, கோட்டக்குப்பத்து மாப்பிள்ளை ஒருவரைப் பார்த்து வைத்திருந்தார். துபாயில் கடையாம். படித்த படிப்பே ஜாஸ்தி என்கிறார்களாம். “இருபத்தொம்பது வயசாவுது. இன்னும் ஒரு வருஷமா? பேஜாரு பண்ணாதம்மா” என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் அனுப்பாவிட்டால் கோயம்புத்தூர் இடம் வேறொருவருக்குப் போய்விடும். சனிக்கிழமை மதியம், யாரிடமும் கேட்காமல், வருகிறேன் என்று மெயில் அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் இர்பான் நின்றான், தன் தாயார் குல்சும் பீவியோடு. கூடத்தில் அவன் பேசியது உள்ளறையில் தெளிவாகக் கேட்டது.

“உங்க பொண்ண கேட்டு வந்திருக்கோங்க. அவங்க படிப்ப நான் எளக்காரமா பேசிட்டேன், தப்பு. கிளியம்மா நேத்து ஊன்றுகோலோட நடந்து வந்தாங்க... அப்பதான் ஒறச்சது. அவங்க போயிட்டு வரட்டும். ஒரு வருஷம் நான் காத்துக்கினு இருக்கேன்.”

அத்தா தாடியைத் தடவினார். “நீங்களே சொல்றீங்க தம்பி... சரி, அனுப்பறேன்.”

அவ்வளவுதான். திரையை விலக்கிக்கொண்டு முஹ்சினா கூடத்துக்கே வந்துவிட்டாள்.

“நான் போறதுக்கு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்றீங்களா? வர்றேன்னு நேத்தே மெயில் போட்டாச்சு!”

அவள் இர்பான் பக்கம் திரும்பினாள்.

“அதுல இவரு ஒரு வருஷம் காத்துக்கினு இருப்பாராம்! யார கேட்டு ஒரு வருஷம்னு சொன்னீங்க? உங்களால முடியும்னா இருந்துக்கங்க, என்னால முடியாது! எட்டு நாளே முடியல எனக்கு. நிக்காஹ்வ முடிச்சிட்டுத்தான் கோயம்புத்தூர் பஸ் ஏறுவேன்!”

சொன்ன பிறகுதான், சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. முகம் குப்பென்று சிவந்தது. குல்சும் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இர்பானின் கண்களை அவளால் பார்க்க முடியவில்லை... பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

“டிசம்பர் மூணாவது வெள்ளிக்கிழம எனக்கு ஆபரேஷன் இல்ல” என்றான் அவன், மெதுவாக.

“ரெண்டாவது வெள்ளிக்கிழம” என்றாள் முஹ்சினா, கோபம் கொஞ்சமும் குறையாமல்.