விடுபட்ட நாளின் துடிப்பு

அந்த இடத்தில் சத்தம் வரக் கூடாது.

நட்சத்திர ஆராய்ச்சி என்றால் ராத்திரி வேலை என்று அவளுடைய சித்தி இன்னும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது மதியம் மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. ஏசியின் ஈர வாடையும் ஆறிப்போன காப்பியின் வாடையும் கலந்த அறையில், ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு ராட்சத நட்சத்திரங்களின் வெளிச்சத்தை, செயற்கைக்கோள் அளந்து அனுப்பிய கணக்கிலிருந்து சத்தமாக மாற்றி, ஆராய்ச்சி மாணவியான அவள் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் குறையும். அந்தக் குறைவைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நட்சத்திரத்தின் துடிப்பு. கண்ணுக்குத் தப்பினது காதில் மாட்டும் என்பாள்.

டொக். டொக்டொக். ஒரு தயக்கம். டொக்.

சேர்த்த கணக்கை அனுப்ப செயற்கைக்கோள் பூமிப் பக்கம் திரும்பும் ஒரு நாள் மட்டும் அளவே கிடையாது. திரையில் வெறும் வெள்ளை, காதில் சில நொடி மௌனம். ஆனால் துடிப்பு அங்கேயும் தொடர்ந்தது. மறுபடி ஓட்டினாள். தொடர்ந்தது.

பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"வெறும் இரைச்சலா இருக்கும்மா. வெட்டி எறிஞ்சிட்டு வீட்டுக்குப் போ. தங்கச்சி போய் மூணு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள என்ன வேலை?"

இரைச்சல். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் நினைத்தாள். நாடித்துடிப்பைப் பார்க்கத் தங்கையின் விரலில் மாட்டிய, சிவப்பாக ஒளிரும் கிளிப் கொஞ்சம் நழுவினாலே மானிட்டர் கத்தும். ஐந்தாவது தடவை எழுந்து, பட்டனை அழுத்தி அதன் வாயை அடைத்தாள். தங்கை தூங்குகிறாள் என்று நினைத்தாள். விடிந்தபோது அந்தக் கை ஜில்லென்றிருந்தது. பட்டனைப் பற்றி, பாவி, இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

டொக்டொக். தயக்கம்.

இந்தத் தயக்கம் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் காதை வைத்துக் கேட்ட நெஞ்சு இது.

சில நொடியில் முடிய வேண்டிய வெள்ளை முடியவே இல்லை. துடிப்பு மட்டும் மெதுவானது. சத்தத்தை நிறுத்தும் விசைமேல் அவள் விரல் நின்றது. அழுத்தவில்லை.

"நிறுத்த மாட்டேன்டி," என்று அழுதாள். "இந்தத் தடவ நிறுத்த மாட்டேன்."

டொக்.

தயக்கம்.

விசைப்பலகையில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. அவள் விரல்மேல் இன்னொரு விரல். மெலிந்தது. ஜில்லென்றது. நுனியில் கிளிப்.

"அன்னிக்கு நான் தூங்கலக்கா," என்றது பழகிய குரல். "நீ அமுத்துறத பாத்துட்டுத்தான் இருந்தேன்."

விரல் அவள் விரலையும் சேர்த்து அழுத்தியது.

மௌனம்.

அழுத்திய விரல் விலகவே இல்லை.