மணிக்கட்டுச் சூடு

"கடியாரத்துக்கு ஆள் அடையாளம் தெரியுமுங்களா?" என்று வசந்தாமணி ஒரு சாயங்காலம் கணவனிடம் கேட்டிருந்தாள்.

செங்கோட்டையன் கண்ணில் இடுக்கிய பூதக்கண்ணாடியை எடுக்காமலே சிரித்தான். "ஆள் தெரியாது புள்ள. ஆனா கையில இருக்கறமா, மேசையில கெடக்கறமான்னு தெரியும். இத என்ற கைக்குன்னே திருத்தி வெச்சிருக்கறேன். கட்டியிருந்தா நிமிசம் தப்பாது. கழட்டி மல்லாக்கப் போட்டா ஒரு நாளைக்கு அஞ்சு நிமிசம் முன்னால ஓடிப் போயிரும்."

"எசமான் இல்லீன்னா தலைகால் தெரியாம ஓடுதாக்கும், உங்க மண்டி ஆபீசுப் பியூனாட்டம்."

அந்தச் சிரிப்பு முடிந்து நாற்பத்தாறு நாள் ஆகிவிட்டது. மாசி மாதத்துக் காய்ச்சல் ஐந்தே நாளில் அவனைக் கொண்டுபோனது.

பகலில் பருத்தி மண்டியில் கணக்கு எழுதுகிறவன், வீட்டில் கடிகாரப் பைத்தியம். சென்னையிலிருந்து தபாலில் புத்தகமும் சாமணம் என்கிற சின்ன இடுக்கியும் வரவழைத்து, பழைய கடிகாரங்களைப் பிரித்துப் பிரித்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டான். எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்த வசந்தாமணியின் விரல்கள் அவனுடையதைவிட மெலிந்தவை. சக்கரத்தை ஆட்டும் மயிரிழைச் சுருளைக் கசங்காமல் தூக்குவது கடைசியில் அவள் வேலையாகிவிட்டது. அஸ்தம்பட்டியில் இது யாருக்கும் தெரியாது.

பிணத்தின்மேல் இருந்தது எதுவும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அரைஞாண் கொடி முதற்கொண்டு சுடுகாட்டு வெட்டியானுக்குச் சேர வேண்டியது. குளிப்பாட்டும்போது பெண்கள் தண்ணீர் எடுக்கப் போன சமயத்தில், அவள் அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டாள். அப்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது.

அதை அவன் மேசையில் மல்லாக்க வைத்து, தினமும் காலையில் சாவி கொடுப்பாள். நண்பகலில் மில் சங்கு ஊதும்போது முள்ளைப் பார்ப்பாள். ஐந்து நிமிடம் முன்னே நிற்கும். அவன் இல்லை என்பதற்கு அந்த ஐந்து நிமிடம்தான் சாட்சி. திருத்தி வைத்துவிட்டு அழுவாள்.

போன திங்கட்கிழமை சங்கு ஊதியபோது இரண்டு முள்ளும் பன்னிரண்டில் ஒட்டி நின்றன.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன் காலையில் சாவி திரும்ப மறுத்தது. யாரோ முழுதாக முடுக்கி வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை தோல் வாரின் உட்புறம் நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். புகையிலையும், மெஷின் எண்ணெயும், கோடைக்கால வியர்வையும் கலந்த அந்த வாசனையை ஆயிரம் பேர் நடுவிலும் அவளால் சொல்ல முடியும்.

இன்று காலை மல்லசமுத்திரத்திலிருந்து அண்ணன் சின்னுசாமி வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான், அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக. மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கோபிக்கவில்லை. கடிகாரத்தை வழியில் சுடுகாட்டில் போட்டுவிட்டுப் போகலாம் என்றான். இப்படிச் செத்துத் திரும்பி வந்தது நம் பேரைச் சொல்லிக் கூப்பிடும்வரை ஒன்றும் செய்யாது, கூப்பிட்டுவிட்டால் கூடவே போக வேண்டியதுதான் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"வெரசா வா கண்ணு. நான் மாட்டப் பூட்டறேன்."

வெயிலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்த அறையில், பலகை இடுக்கு வழியே விழுந்த ஒளிக்கோட்டில் தூசி அசையாமல் தொங்கியது. வீதியில் மாட்டின் கழுத்துமணி விட்டு விட்டுக் கேட்டது. ஓடுகிற கடிகாரத்தை மடியில் கட்டிக்கொண்டு போக அவளுக்குத் துணிவில்லை. நிறுத்திவிட்டு எடுத்துப் போகலாம் என்று உட்கார்ந்தாள். பின்மூடியைத் திறந்தாள். திருகாணியைக் கழற்றினாள். பாலம்போல் மேலே பிடித்திருந்த தகட்டைத் தூக்கி, சுருளோடு சேர்ந்து துடித்துக்கொண்டிருந்த சக்கரத்தைச் சாமணத்தால் பிடித்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தாள்.

சக்கரம் ஒருமுறை நடுங்கி அடங்கியது.

டிக், டிக் ஓயவில்லை.

குனிந்து கேட்டாள். காகிதத்திலிருந்து வரவில்லை. திறந்து கிடந்த கூட்டிலிருந்தும் வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. கதவருகே. தொங்கும் கை உயரத்தில்.

அருகே வந்தது.

காலடி இல்லை. மூச்சு இல்லை. வாசனை மட்டும்.

பிறகு உயர்ந்தது. அவள் வேலையை எட்டிப் பார்க்க அவன் குனியும்போதெல்லாம் கேட்கும் அதே இடத்தில், இடது காதோரம், நின்றது.

தோளில் பாரம் இறங்கியது. ஈரத் தோல்வார் கழுத்தைத் தொட்டது. அதற்கு அடியில் கதகதப்பு. மனிதச் சூடு அல்ல. தணலை மூடிய சாம்பலின் சூடு.

வெளியே சின்னுசாமி இருமினான். ஒரு சத்தம் போட்டால் ஓடி வருவான். வாயைத் திறந்தாள்.

பதினோரு வருடக் குடித்தனம். 'புள்ள' என்பான். 'இந்தா' என்பான். 'கேட்டியா' என்பான். அந்த ஒன்றைக் கேட்க வெட்கப்பட்டுப் பதினோரு வருடமும் நாக்கிலேயே வைத்திருந்தாள்.

கண்ணுக்கு எதிரே காகிதத்தில் சக்கரம் செத்துக் கிடந்தது. காதோரம் நிமிடம் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தோளில் இருந்ததன்மேல் தன் கையை வைத்தாள். விரல்கள் சாம்பலில் புதைந்தன.

"ஏனுங்க," என்றாள். "ஒருக்கா என்ற பேரச் சொல்லிக் கூப்புடுங்க."