முழங்கை மாறாட்டம்!

"நெருப்பு... நெருப்பு!"

ஸ்கேன் சென்டரின் வரவேற்புப் பெண் தொண்டை கிழியக் கத்தினாள்.

ஆண்கள் கழிப்பறையின் கதவிடுக்கிலிருந்து கறுப்புப் புகை! அபாய மணி அலறியது.

காலை பத்தேகால்.

நர்சுகள் ஓடினார்கள். நோயாளிகள் ஓடினார்கள். ஸ்கேன் எடுக்கும் ஆபரேட்டர், வாயில் கவ்விய டோனட்டோடு ஓடினான்.

கோல்பி ராஸ் மட்டும் ஓடவில்லை.

குப்பைத் தொட்டியில் காகித டவல்களைத் திணித்து, லைட்டரைக் காட்டியவனே அவன்தானே!

கோல்பி... இருபத்தெட்டு வயது. ஃப்ளோரிடாவில் பயிற்சி முகாம் போட்டிருந்த ஹெரான்ஸ் பேஸ்பால் அணியின் முதல் பிட்ச்சர். மணிக்குத் தொண்ணூற்றைந்து மைல் வேகத்தில் பந்தெறியும் வலது கை.

அந்தக் கையின் முழங்கைக்குள் ஒரு ரகசியம். ஜவ்வு பாதி கிழிந்திருந்தது! நவம்பரில், வேறு ஊரில், பொய்ப் பெயரில் எடுத்த ஸ்கேன் சொன்ன சேதி. மனைவிக்குக்கூடத் தெரியாது.

இன்றைக்கு அணி எடுக்கும் ஸ்கேன். தேறினால் ஐந்து வருட ஒப்பந்தம், நூறு மில்லியன் டாலர். தேறாவிட்டால்... நாமம்!

அதே காலையில், அதே மெஷினில், இன்னொருவனுக்கும் ஸ்கேன்.

ஓரின் டக்கர்.

பெயரை நினைத்தாலே கோல்பிக்கு வயிறு எரிந்தது.

போன வாரம்தான் அணியின் மேலாளர் லோர்னா கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஓரினை ஒரு வருஷத்துக்கு எடுக்கலாம்னு இருக்கோம்பா. ஸ்கேன் மட்டும் பாக்கி."

"அந்தப் பெருசையா மேடம்? முப்பத்தொன்பது வயசு! போன சீசன் பாதி நாள் பெஞ்ச்சைத் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான்!"

"ரிஸ்க்தான். ஆனா அந்தப் பேருக்கே ஸ்டேடியம் நிறையும். அப்புறம்... உன் இருபத்தொண்ணாம் நம்பர் சட்டையை அவருக்கு விட்டுக்கொடுத்துடேன், அது அவரோட பழைய நம்பர். சீனியர் வந்தா கொடுக்கறது வழக்கம்தானே? பதிலுக்கு நல்ல வாட்ச் வாங்கித் தருவார்."

வாட்ச்சாம்! ஐந்து வருஷம் மாடாய் உழைத்தவன் சட்டைக்கு வாட்ச்!

வீட்டுக்குப் போனால் மனைவி டெஸ்ஸா துள்ளினாள்.

"ஓரின் டக்கரா? நிஜமாவா? ஸ்கூல்ல படிக்கறப்போ அவர் போஸ்டருக்கு குட்நைட் சொல்லிட்டுத்தாங்க தூங்குவேன்!"

"இப்போ யாருக்குச் சொல்றே?"

"உங்களுக்குத்தான்... அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

மூஞ்சி எப்படிப் போகாது? மறுநாள் மைதானத்தில் ஓரின் பத்தே பத்துப் பந்து எறிந்தான். ஸ்பீட் மீட்டரில் தொண்ணூற்றேழு! பார்த்தவர்கள் கை தட்டினார்கள். கோல்பியும் தட்டினான், பல்லைக் கடித்துக்கொண்டு.

கிழவனுக்குப் பேர், கிழவனுக்கு நம்பர், கிழவனுக்குக் கல் மாதிரி முழங்கை... எல்லாமே அவனுக்கா?

அந்தக் கல்லை நான் எடுத்துக்கொள்கிறேன். என் கிழிசலை அவன் வைத்துக்கொள்ளட்டும்!

கோல்பி ஆபரேட்டரின் நாற்காலியில் தாவி உட்கார்ந்தான். திரையில் இரண்டு ஃபைல்கள். முதலில் எடுத்தது அவனுடையது. ஓரினுடையது இப்போதுதான் முடிந்திருந்தது.

ராஸ் என்று இருந்த இடத்தில் டக்கர். டக்கர் என்று இருந்த இடத்தில் ராஸ்.

முப்பதே வினாடி!

வியர்வையைத் துடைத்துக்கொண்டு கும்பலோடு கும்பலாய் வெளியேறினான்.

பிற்பகல் மூன்று மணிக்கு செல்போன் அலறியது. லோர்னா!

"கோல்பி... உடனே ஆபீசுக்கு வா."

பறந்தான்.

"உட்காருப்பா. ஓரின் ரிப்போர்ட் வந்துடுச்சு. முழங்கை ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு."

கோல்பிக்குள் பட்டாசு வெடித்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"அடப்பாவமே! பெரிய ஆட்டக்காரர்... எப்போ ஊருக்குக் கிளம்பறார்?"

"எதுக்குக் கிளம்பணும்? கையெழுத்தே போட்டாச்சு!"

"மே... மேடம்! பாதி கிழிஞ்ச கையையா?"

"இருபது வருஷமா பந்தெறிஞ்ச கைப்பா அது! பாதியாவது மிச்சம் இருக்கேன்னு டாக்டருக்கு ஒரே சந்தோஷம். ஒரு சீசன்தானே? ஓட்டிடலாம்ங்கறார். இதே கிழிசலோட அஞ்சு வருஷம் கேட்டா, வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன்."

போகட்டும்... கிழவன் இருந்து தொலையட்டும். நூறு மில்லியன் நம்முடையது!

"என் ரிப்போர்ட் மேடம்?"

லோர்னா கண்ணாடியைக் கழற்றினாள்.

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். ஜவ்வு முழுசா அறுந்துபோச்சுப்பா. எலும்பு வேற தேய்ஞ்சிருக்கு. டாக்டர் ரெண்டு தடவை பேரைச் சரிபார்த்தார். அஞ்சு வருஷ ஒப்பந்தம் இல்லை. மன்னிச்சுக்கோ."

"அது என் கை இல்லை மேடம்!"

கத்தியேவிட்டான்!

"பின்னே யார் கை?"

ஓரினுடையது என்று எப்படிச் சொல்வது? சொன்னால், தீ வைத்ததையும் சொல்ல வேண்டும். ஸ்கேன் சென்டரில் இந்த நிமிடம் போலீஸ் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தது.

"சந்தேகமா இருந்தா நாளைக்கே மறுபடி ஸ்கேன் எடுத்துடலாம்," என்றாள் லோர்னா.

எடுத்தால்? முழுசாக அறுந்தது ஒரே நாளில் பாதி ஒட்டிக்கொண்டது எப்படி என்று கேட்பார்கள். அப்படியே கேட்காவிட்டாலும், பாதிக் கிழிசலுக்கு ஐந்து வருடம் யார் தருவார்கள்? இப்போதுதான் சொன்னாளே!

"வே... வேண்டாம் மேடம்."

வெளியே வந்தான். கார் நிறுத்துமிடத்தில், அவன் கார் மேல் சாய்ந்துகொண்டு நின்றான் ஓரின் டக்கர்.

"ரொம்ப தேங்க்ஸ் தம்பி!"

"எ... எதுக்கு?"

"எல்லாரும் நெருப்புன்னு ஓடறப்போ நான் மெஷின் ரூம்ல பேன்ட் மாட்டிக்கிட்டு இருந்தேன். கண்ணாடி வழியா உன்னைப் பார்த்தேன். என்ன வேகமா டைப் அடிக்கறேப்பா!"

கோல்பி சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பார்த்தியா? அப்போ ஏன் கத்தலே?"

"என் முழங்கை லட்சணம் எனக்குத் தெரியாதா? எப்படியும் விரட்டுவாங்கன்னு ஊருக்கு டிக்கெட்டே எடுத்துட்டேன். நீயா வந்து காப்பாத்தறே... நான் கத்துவேனா?"

"தொண்ணூத்தேழுல எறிஞ்சியேடா பாவி!"

"மரத்துப்போற ஊசி! பத்துப் பந்துதான் தாங்கும்னு சொன்னாங்க. பத்தோட நிறுத்திட்டேன். நீ வேகத்தை மட்டும் பார்த்துப் பொருமினே... ஏன் நிறுத்தினான்னு யோசிக்கவே இல்லை!"

கோல்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிழவன் தப்பிவிட்டானே என்று இப்போதும் பொறாமைதான்!

"நாளைக்குப் பயிற்சியில மாட்டிக்குவே பெருசு!"

"மாட்டினா என்ன? எறிஞ்சாலும் எட்டு மில்லியன், எறியாட்டாலும் எட்டு மில்லியன். பேஸ்பால் ஒப்பந்தம் தம்பி!"

"கையெழுத்து போடறப்போகூடவா மேடத்துக்குச் சந்தேகம் வரலே?"

ஓரின் சிரித்தான்.

"வலது கையில பேனாவைத் தூக்க முடியலே... இடது கையால கிறுக்கினேன். 'அட, ரெண்டு கையாலயும் எழுதுவீங்களா!'ன்னு மேடம் அசந்துபோயிட்டாங்க!"