ஒன்பது பாகம்

விஜிலா வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. வெயிலுக்குப் பயந்து தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

"ஏண்ணே, இது ஸ்டூடியோவா, கருவாட்டுக் கிட்டங்கியா?" வாசலில் நின்றே மூக்கைப் பொத்தினாள்.

"கருவாடு இல்லளா, பழைய சங்குக் கிட்டங்கி," என்றான் ரெக்சன். "எந்தக் காலத்துச் சங்கோ, இறைச்சி அழுகின வாடை சுவத்துக்குள்ள ஏறிக் கெடக்கு. சாம்பிராணி போட்டாலும் அதுக்கு மேலதான் மணக்கும். ஆனா சுவரு ரெண்டு முழம் கனம் பாத்துக்க. ஹார்பர் லாரி எத்தனை போனாலும் உள்ள சத்தம் வராது. அதுக்குத்தான் இதைப் பிடிச்சேன்."

உள்ளே சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. விஜிலா அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தனை முட்டையும் தின்னது யாரு? மதினியா?"

சிரித்துவிட்டாள். ஒரு வருடமாகத் தங்கை சிரித்து ரெக்சன் பார்த்ததில்லை. சிரித்தது தப்பு என்பதுபோல அவளே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

வருகிற வெள்ளிக்கிழமை அவள் புருஷன் கிளைட்டனுக்கு முதலாண்டு பூசை. கடலில் போன உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லை, மெழுகுவத்தி ஏற்றி வைக்க ஓர் இடமில்லை. பாட்டாவது ஒன்று இருக்கட்டும் என்றுதான் பாட வந்திருந்தாள்.

சங்கு குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன். ஊரான் பிடித்தால் கண்ணசந்து போவான். தங்கச்சி தாலி தொங்குகிற கயிறென்றால் விடுவானா? அந்த நம்பிக்கையில்தான் கிளைட்டன் கயிற்றை ரெக்சன் கையில் கொடுத்தான். கீழேயிருந்து ஓர் இழுப்பு வந்தால் தரை தொட்டாச்சு. இரண்டு வந்தால் பையைத் தூக்கு.

மூன்று வந்தால் என்னைத் தூக்கு.

"அண்ணே." விஜிலா ஸ்டூலில் உட்கார்ந்தபடி கேட்டாள். "மூணு இழுப்பு வரவே இல்லையா?"

எத்தனையாவது தடவையோ.

"வரலளா. இன்னும் ஒரு சங்கு எடுத்துட்டு வருவோம்னு நின்னுருப்பான்."

"அவிய ஆசைக்காரவிய இல்லண்ணே. ஊரெல்லாம் பேராசைல செத்தான்னு பேசுது. பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லி வளக்க?"

ரெக்சன் குனிந்து கேபிளைப் பிரித்தான்.

அவன் மட்டுமே அறிந்தது இது. அன்றைக்குக் கயிறு அவன் கையில் இல்லை. படகின் குறுக்குக்கட்டையில் கட்டியிருந்தான். காதில் இயர்போன். முந்தின நாள் முடித்த பாட்டை, குரல் தூக்கலா வயலின் தூக்கலா என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டு மூன்று நிமிடம். கிளைட்டனின் மூச்சு ஒன்றரை நிமிடம். பாட்டு முடிந்து அவிழ்த்து இழுத்தபோது கயிறு லேசாக வந்தது. கை விரித்து அளந்த ஒன்பது பாகமும் வந்தது. முனை, பாறையில் அராவித் தும்பு தும்பாகப் பிரிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை.

"இந்த வயரெல்லாம் நீயே செஞ்சதாண்ணே?"

"ஆமா. கடையில வாங்குறது ரெண்டு மாசத்துல கரகரங்கும். வயரை ரோலா வாங்கி, ரெண்டு முனையிலயும் நானே ஈயம் வச்சேன். ஒவ்வொண்ணும் நாலு பாகம்." இரு கையையும் விரித்துக் காட்டினான். அடி, மீட்டர் எதுவும் அந்தக் கைகளுக்குப் பழகவில்லை. கயிறு அளந்த கை. "உள்ள பாரு, ரெண்டு கம்பி. ரெண்டுலயும் ஒன் குரல்தான் போவும். ஒண்ணுல நேரா, ஒண்ணுல தலைகீழா. வழியில ஏறுற இரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணுபோல ஏறும். அந்தக் கடைசியில போய்த் தலைகீழை நிமித்துனா, இரைச்சல் இரைச்சலைத் தின்னுரும். குரலு மட்டும் நிக்கும்."

"மாத்தி ஒட்டிட்டா?"

"ரெண்டு மைக் வச்சிருக்கேன்லா? ஒரு கேபிள்ல மாறிப்போனா குரலு குரலைத் தின்னுரும்."

"மிச்சம் என்ன நிக்கும்?"

"என்ன நிக்கும்? ஒண்ணும் நிக்காது. பாடு."

ஃபேனை நிறுத்தினான். கதவைச் சாத்தினான். வெளி உலகம் அப்படியே அற்றுப்போனது. அறை வெந்தது. சங்கு வாடை கெட்டியாகி நாக்கில் உப்புக் கரித்தது. விஜிலா கண்ணை மூடிப் பாடினாள். ஒரே எடுப்பில் பாடி முடித்தாள்.

பாடும்போது மைக் ஸ்டாண்டு ஒரு தடவை அசைந்ததை ரெக்சன் பார்த்தான்.

கால் பட்டிருக்கும்.

கம்ப்யூட்டரில் முதல் மைக்கைப் போட்டான். குரல் மணி மாதிரி இருந்தது. இரண்டாவதைப் போட்டான். அதுவும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டான்.

குரல் இல்லை.

"மாறிப்போச்சு," என்று முணுமுணுத்தான். "நேத்து மீட்டர் வச்சுப் பாத்தேனே... சரியாத்தான கூவுச்சு."

"உஸ்ஸ்," என்றாள் விஜிலா.

ஸ்பீக்கரில் தண்ணீரின் கனத்த முனகல். அதற்கு மேலே எங்கோ, படகு மெல்ல ஆடுகிற கிறீச்சொலி.

டக். டக். டக்.

சற்று நேரம் கழித்து மறுபடியும்.

டக். டக். டக்.

விஜிலா மீனவன் மகள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

"அண்ணே, இது கட்டையில அடிக்கிற சத்தம்லா?"

ரெக்சன் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தான்.

"கையில பிடிச்ச கயிறு சத்தம் போடுமா?"

"ஏளா, வயரு கோளாறு அது. இரு, இப்பம் கழட்டிப் பாக்கேன்." மைக்கிலிருந்து கேபிளை உருவினான். மறுமுனை மேசைக்கு அடியில், ரெக்கார்டிங் பெட்டிக்குப் பின்னால் இருட்டில் கிடந்தது.

அங்கேயிருந்து கேபிள் இழுத்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

"இழுண்ணே," என்று கிசுகிசுத்தாள் விஜிலா.

கை அவனைக் கேட்கவில்லை. பழக்கத்தில் இழுத்தது. ஒரு பாகம். இரண்டு. மூன்று. நான்கு. அவன் வெட்டின கேபிள் அவ்வளவுதான்.

ஐந்து.

ஈரமாக வந்தது. பாசி வழுக்கியது. ஆறு. தரையில் தண்ணீர் சொட்டியது. ஏழாவது பாகத்தில் கனம் தெரிந்தது. ஆள் கனம். அவனுக்கு நன்றாகத் தெரிந்த கனம், எத்தனையோ நாள் தூக்கிய கனம்.

"இழுண்ணே! நிக்காத!"

எட்டு. மேசைக்கு அடியில், இருட்டுக்குள், யாரோ நெடுநேரம் அடக்கிவைத்த மூச்சை விடத் தொடங்கினார்கள்.

ரெக்சன் கையை விட்டான்.

சர்ரென்று கேபிள் உள்ளே ஓடியது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

விஜிலா அவன் கைகளைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் விட்டியா?"

"அன்னைக்கு... பாட்டுக் கேட்டுட்டு இருந்தேன்ளா."

அழவில்லை அவள். மேசைக்கு அடியில் குனிந்து கேபிளை வெளியே எடுத்தாள். உலர்ந்த கேபிள், நான்கு பாகம்தான் இருந்தது. முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகக் கயிறு சுற்றுவதுபோல் சுற்றினாள்.

"இதை நான் கொண்டுபோறேன்."

"அது வெறும் கேபிளுளா..."

"வெறும் கேபிள்னா எதுக்கு விட்ட?"

வெள்ளிக்கிழமை காலை பூசைக்கு விஜிலா வரவில்லை. சாமியார் கிளைட்டன் பெயரை வாசித்தபோது அவள் மாமியார் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். பூசை முடிந்ததும் ரெக்சன் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனான்.

கதவு திறந்தே இருந்தது. வாசற்படியிலேயே அந்தச் சங்கு வாடை அடித்தது. நாற்காலியில் கிளைட்டனின் நீலச் சட்டை, இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் தொங்கியது. அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளையைக் காணவில்லை.

"பிள்ளை எங்களா?"

"ஆலந்தலைல, சித்தி வீட்டுல. பயந்துரும்லா."

கட்டிலுக்கு முன்னால் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் அறுந்து ரத்தம் கட்டியிருந்தது. கேபிள் அவள் கையிலிருந்து கட்டிலின் அடி இருட்டுக்குள் விறைப்பாகப் போனது. பக்கத்தில் ஈரச் சுருள் ஒன்று, பாசியோடு.

"பூசைக்கு ஏன் வரல?"

"பூசை செத்தவியளுக்குத்தான?"

"விஜிலா, விட்டுரு. கையெல்லாம் அறுந்து கெடக்கு."

"விடவா?" முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "ரொம்பக் கனம்ணே. ஒரு நாளைக்கு ஒரு பாகமோ ரெண்டு பாகமோதான் வருது. நீயும் இங்கன இரு. மேல ஏறுனதும் அவிய மொதல்ல ஒன்னயத்தான் கேப்பாவ."

ரெக்சன் ஓடியிருக்கலாம். கதவு அவன் முதுகுக்குப் பின்னால் திறந்துதான் கிடந்தது. ஆனால் சுருளை எண்ணப் போய்விட்டது அவன் கண். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு.

கட்டில் காலில் டக் டக் டக் என்று சத்தம் கேட்டது.

விஜிலா பல்லைக் கடித்துக்கொண்டு, இரு கையாலும், பின்னால் சாய்ந்து இழுத்தாள்.

"எட்டு," என்றாள்.