பிளக்கைப் பிடுங்காத கை

வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. த்ரைலோவின் கல்லறைக்கல் பட்டறையில் கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை.

விசிறி ஓடியது. பெட்டியில் விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பு. உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது, போன வருஷம் லாரி கவிழ்ந்து செத்த யோவிட்சாவின் முகம். மங்கலான ஒரே ஒரு பாஸ்போர்ட் படத்தை வைத்து, த்ரைலோ அரும்பாடுபட்டுத் தேற்றி எடுத்த முகம். இன்றைக்குக் கல்லில் பொறித்தால்தான் நாளை வருஷத் திவசத்துக்கு நட முடியும்.

"சேவ் பண்ணலையா?" என்றாள் பெர்சிதா. ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். ஊரில் கோழி காணாமல் போனாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"முழுசா முடிச்சாத்தான் பண்ணுவேன் அக்கா. புதன்கிழமை ஒரு அப்டேட் வந்துச்சு. அதுலேர்ந்தே திரை மினுக்கிக்கிட்டு இருந்துச்சு. அந்தச் சனியனோட வேலைதான். பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டுப் பாக்கட்டுமா?"

"கையை எடு! பிடுங்கினா அந்தப் பையன் முகம் போயே போச்சு."

சுவரோரம் நின்ற யோவிட்சாவின் தாய் ஸ்தானியா தலையில் அடித்துக்கொண்டாள். "என் பிள்ளையை ரெண்டாந்தரம் சாகடிச்சிட்டானே, படுபாவி!" பக்கத்தில் மருமகள் ஸ்மில்கா, கறுப்பு உடையில், ஜன்னலுக்கு வெளியே டான்யூப் ஆற்று மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெர்சிதா கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டினாள். குட்டி விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினாள். அணைந்தது.

"தூங்குற மெஷின் இப்படிப் பதில் சொல்லாது த்ரைலோ. இது முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. மூஞ்சிதான் காட்ட மாட்டேங்குது."

திரையின் ஓரத்து விளக்கு நீலமாக இருந்தது. பெட்டியிலிருந்து படம் வந்து சேராவிட்டால் அது ஆரஞ்சாக மாறும். பெர்சிதா குனிந்து பார்த்தாள். பட்டறை முழுக்கக் கல்தூள். பெட்டியின் பவர் பட்டனில் விரல் படாத சாம்பல் நிறம். திரைக்கு அடியிலிருந்த பட்டன்கள் மட்டும் துடைத்துவிட்டாற்போல் இருந்தன.

"நேத்து சாயங்காலம் இங்க யார் யார் இருந்தீங்க?"

"நாங்க மூணு பேரும்தான்," என்றான் த்ரைலோ. "படத்தைக் காட்டினேன். அம்மாவுக்குப் பிடிச்சுது. அவங்களைக் கூட்டிக்கிட்டு முற்றத்துக்குக் கல்லைக் காட்டப் போனேன். திரும்பி வந்தா திரை இருட்டு. சும்மா விட்டா தூங்கிடும்ல, அப்படித்தான்னு நினைச்சுப் பூட்டிட்டேன்."

"ஸ்மில்கா?"

"மழை. நான் வெளிய போகல," என்றாள் ஸ்மில்கா.

"நீ வேலை பாக்குற மருந்துக்கடையில என்ன திரை?"

"இதே மாதிரி பழசுதான்," என்றாள் ஸ்மில்கா, ஜன்னலைப் பார்த்தபடியே.

ஒன்பது மணி. பெர்சிதா அந்தப் பட்டன்களைத் தடவித் தடவி அழுத்தினாள். "பழைய திரை. வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைச்சா குருடாயிடும். எங்க ஸ்டேஷன்ல நைட் டியூட்டிக்காரன் நிம்மதியா குறட்டை விட இதைத்தான் பண்ணுவான்."

இருட்டிலிருந்து இரண்டு முகங்கள் மேலே வந்தன. இடப்பக்கம் யோவிட்சா. வலப்பக்கம் ஸ்மில்கா, கீழே பிறந்த வருஷம், ஒரு கோடு, அதற்கப்புறம் காலி இடம். கணவன் செத்தால் உயிரோடிருக்கும் மனைவியையும் சேர்த்துச் செதுக்கிவிடுவது அந்த ஊர் வழக்கம்.

"வேண்டாதவன் செஞ்சிருந்தா பிளக்கைப் பிடுங்கியிருப்பான். ஒரு நிமிஷ வேலை," என்றாள் பெர்சிதா. "இது அவன் முகத்துக்குச் சேதம் வராம செஞ்ச காரியம். அவன் மேல பாசம் உள்ள கை. ஆனா கல்லு நாளைக்கு நிக்கக் கூடாதுன்னு நினைச்ச கை. அம்மாவுக்குக் கல்லு நிக்கணும். த்ரைலோவுக்குப் பேரு கெடும். மிச்சம் நீதான் ஸ்மில்கா."

"அத்தைகிட்ட மூணு தடவை சொன்னேன்," என்றாள் ஸ்மில்கா. "என்னைப் போட வேண்டாம்னு. காதுலயே வாங்கல. எனக்கு முப்பத்தொரு வயசுக்கா. அவரை உசுரா நேசிச்சேன். அதுக்காக இப்பவே போய்ப் படுத்துக்கணுமா?"

"வெக்கங்கெட்டவளே!" என்று பாய்ந்தாள் ஸ்தானியா.

பெர்சிதா குறுக்கே நின்றாள். "என் மூஞ்சியும் என் புருஷன் கல்லுல இருக்கு ஸ்தானியாம்மா. பதினோரு வருஷமா. ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே மெழுகுவர்த்தி ஏத்திட்டு வீட்டுக்கு வரேன். அன்னைக்கு ராத்திரி சோறு இறங்காது." இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்தானியா திரையில் மகனின் முகத்தின் மேல் படிந்த தூளை முக்காட்டு நுனியால் துடைத்தாள்.

"அவளை எடுத்துடு," என்றாள்.

"அந்த இடத்துல?" என்றான் த்ரைலோ.

"என்னைப் போடு. நான் வேற எங்க போகப்போறேன்?" பிறகு திரும்பாமலே சொன்னாள்: "வீட்டுச் சாவியை வெச்சுட்டுப் போகச் சொல்லு."

ஸ்மில்கா கொத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கல்தூள் படிந்த மேஜையில் வைத்தாள். கதவருகே நின்று, கணவனை ஒருமுறை பார்த்துவிட்டு, மூடுபனிக்குள் போனாள்.

த்ரைலோ முதல் வேலையாகப் படத்தை சேவ் பண்ணினான். அப்புறம் கேமராவை எடுத்தான். ஸ்தானியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.